உள்ளே நகர்ந்த வேலி

இன்று காட்டில் இருப்பவர்கள்: தம்பி சென்னியப்பன், அவன் மகன் தினகரன், அளக்க வந்திருக்கும் சர்வேயர், இடம் முடித்துக்கொடுக்கும் குழந்தைவேலு, நான். ஆள் ஐந்து. அப்புறம் மயிலை மாடு ஒன்று, செம்மறி பதினேழு. டேப்பின் மறுமுனையைப் பிடிக்க இன்னொருவன் வருவான் என்றார்கள், வரவில்லை, தினகரனே பிடிக்கிறான், வராதவனை நான் சேர்க்கவில்லை. தங்கை ருக்மணியையும் சேர்க்கவில்லை. அவள் கரூரில் இருக்கிறாள், தன் பங்கைத் தம்பிக்கே விட்டுக்கொடுத்துவிட்டாள். மூன்று பங்கில் இரண்டு இப்போது அவனுடையது, மூன்றாவது என்னுடையது. பிரித்து மனை போட்டு விற்கத்தான் இன்று அளக்கிறார்கள். நடுக்காட்டுக்கும் கீழ்க்காட்டுக்கும் நடுவில் இருக்கிற கடவில், வேலித் திறப்பில், குறுக்குக் கழியின்மேல் கையை வைத்துக்கொண்டு நிற்கிறேன். பின்னால் நடுக்காட்டில் ஆடுகள் மேய்கின்றன. முன்னால் கீழ்க்காட்டில், ஆள் கால் வைக்கக் கூடாத நேரத்தில் மூன்று பேர் நடக்கிறார்கள். ஐப்பசி மழை நின்றதிலிருந்து கீழ்க்காட்டை அடைத்து வைத்திருக்கிறேன். கொழுக்கட்டைப் புல் கதிர் வாங்கி, முற்றி, தானாக உதிர்கிறவரைக்கும் அதற்குள் ஆடு விடுவதில்லை, மாடு விடுவதில்லை, சுள்ளி பொறுக்கக்கூட யாரும் போவதில்லை. உதிர்ந்த பிறகு திறந்தால் ஆட்டுக் குளம்பே விதையை மண்ணுக்குள் அழுத்திக்கொடுக்கும். இப்போது விதை பாதிதான் முற்றியிருக்கிறது. சர்வேயரின் பேன்ட்டில் முழங்கால்வரை விதை சொரசொரவென்று பிடித்திருக்கிறது, அவர் குனிந்து குனிந்து தட்டிவிடுகிறார், பச்சையாகவே உதிர்ந்துபோகிறது, பச்சை விதை முளைக்காது. சொல்லலாம். கொஞ்சம் ஓரமாக நடங்கள் என்று சொல்லலாம். ஆனால் நான் இன்று வேறொன்று சொல்ல வேண்டியிருக்கிறது, இதைச் சொல்லிவிட்டால் அது வராமல் போய்விடுமோ என்று இருக்கிறது.

என் பங்கைப் பற்றிச் சொல்ல வேண்டியது இதுதான். என்ற பங்கு புல்லாவே கெடக்கட்டும். நான்கு சொல். காலையில் ஆட்டைத் திறக்கும்போது சொல்லிப் பார்த்தேன், மாட்டிடம் சொல்லிப் பார்த்தேன், வந்தது. ஆள் முன்னால் வருமா என்பது தெரியாது. மூன்றாவது படிக்கும்போது வாத்தியார் என்னை எழுப்பி நிறுத்திப் படிக்கச் சொன்னார், பாடம் முழுக்க எனக்குத் தெரியும், பக்கத்தின் எந்த மூலையில் எந்தச் சொல் இருக்கிறதென்றுகூடத் தெரியும், வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. இதுக்குப் படிப்பு ஏறாது என்று அவர் அப்பாவிடம் சொன்னார், அப்பாவும் நம்பினார், நானும் அப்புறம் நம்பிவிட்டேன். தாலி போய் இந்த ஊருக்கே திரும்பி வந்தபோதும் என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை, நானும் எதுவும் சொல்லவில்லை, ஆட்டை ஓட்டிக்கொண்டு இந்தக் கொறங்காட்டுக்கு, மேய்ச்சல் காட்டுக்கு, வந்தேன், அவ்வளவுதான். இங்கே யாரும் பேசச் சொல்வதில்லை. எண்ணத் தெரிந்தால் போதும். என்ற பங்கு. புல்லாவே. கெடக்கட்டும். மூன்றாகிவிட்டதே, இல்லை, நான்குதான், என்ற, பங்கு, இரண்டு. குழந்தைவேலு வேலியோரமாக வருகிறார், வெள்ளைச் சட்டை, புல் பிடிக்காமல் வேட்டியை மடித்துக் கட்டியிருக்கிறார். "ஏனுங் முத்தாயாக்கா, வெய்யில்ல எதுக்கு நின்னுட்டு இருக்கறீங்க? புல்லு என்ன ஓடியா போயிருது?" நான் சிரித்தேன் என்று நினைக்கிறேன். தம்பி தூரத்திலிருந்தே சொன்னான், "அது ஓடாதுங், அக்கா உட்டாத்தானே." இருவரும் சிரித்தார்கள். இதுதான் சொல்லும் நேரம் என்று தோன்றியது, அதற்குள் அவர் தாண்டிப் போய்விட்டார்.

உழுதால் புல் போயிற்று. அதை எப்படி இவர்களுக்குச் சொல்வது. வடக்கே ரோட்டுக்கு அந்தப் பக்கம் அரசப்பண்ணன் காடு, அதுவும் இதே மாதிரிதான் இருந்தது, வெள்வேல மரமும் புல்லும், கௌதாரி காலடியில் கிளம்பும். ஒரே ஒரு போகம் கடலை போடலாம் என்று டிராக்டர் விட்டார். கடலையும் வரவில்லை. சரி, மறுபடி புல்லாகவே விட்டுவிடலாம் என்று வேலியை அடைத்து வைத்தார், ஒரு வருஷம், இரண்டு வருஷம், புல் வரவில்லை, வெள்ளைப் பூவோடு பார்த்தீனியம்தான் இடுப்பளவு வந்தது, ஆடு அதில் வாய் வைக்காது. அவர் என்னிடம் வந்து நம்ம விதை கொஞ்சம் அள்ளிக்கட்டுமா என்று கேட்டார். சாக்கில் அள்ளிக்கொண்டு போய் வீசினார். வரவில்லை. மேலே இருப்பது புல் இல்லை, அடியில் இருப்பதுதான் புல். நாலு வருஷம் மழை பொய்த்தாலும் வேர் கிடக்கும், செத்த மாதிரி கிடக்கும், ஒரு மழைக்கு எழுந்துவிடும். கலப்பை அதைப் புரட்டிவிட்டால் ஒரு வெய்யிலுக்குத் தாங்காது. அப்பா அதைத்தான் சொல்வார், அவர் பேசுவதே கொஞ்சம், அதில் இது ஒன்று. ஏக்கருக்கு ரண்டு ஆடு. மூணு உட்டா ஆடு பொழைக்கும், புல்லு சாகும், புல்லு செத்தா அப்பறம் ஆடு எங்க பொழைக்கறது. பதினொரு ஏக்கர் நாற்பது சென்ட்டுக்கு இருபத்திரண்டு ஆடு, மீதிக்கு ஒரு மாடு. ஒருநாளும் இருபத்து மூன்று ஆனதில்லை. குட்டி வளர்ந்தால் கொடுத்துவிடுவோம். அரசப்பண்ணன் காட்டில் இப்போது அறுபது வீடு இருக்கும், எண்ணினால் சரியாகச் சொல்லிவிடுவேன், ஆனால் அந்தப் பக்கம் பார்ப்பதில்லை. பெயர்ப்பலகையில் கார்டன் என்று போட்டிருக்கிறது.

ஆள்காட்டிக் குருவி ஒன்று தலைக்குமேலே சுற்றிச் சுற்றிக் கத்துகிறது. கீழ்க்காட்டுக்குள் எங்கோ முட்டை வைத்திருக்கிறது. எங்கே என்று எனக்குத் தெரியும், பாறைக்கு மேற்கே, அந்தப் பக்கம்தான் தினகரன் டேப்போடு போகிறான். போகாதே என்று கை நீட்டினேன். "என்னங் அத்தை?" என்றான். நல்ல பையன்தான், பனியன் கம்பெனியில் நாள் முழுக்க நின்று வேலை செய்கிறான், காலில் நரம்பு சுருட்டிக்கொண்டிருக்கிறது, இவனுக்கும் ஒரு வாழ்வு வேண்டும், அதை நான் இல்லை என்று சொல்லவில்லை. அங்கே என்று காட்டினேன். "பாம்புங்களா?" என்று பின்வாங்கினான். இல்லை என்று சொல்வதற்குள் வேறு பக்கமாகச் சுற்றிப் போய்விட்டான். சொல்லாமலே காரியம் நடந்துவிட்டது. இப்படித்தான் என் காரியம் எல்லாம் நடந்திருக்கிறது, சொல்லாமல், சுற்றிக்கொண்டு. இன்று அப்படி நடக்காது. சர்வேயர் வேலிக்கு வெளியே குழியில் இறங்கி மண்ணைக் கம்பியால் குத்துகிறார். டங் என்றது. "கல்லு இங்க இருக்குதுங்க" என்றார். தம்பி போய்ப் பார்த்தான். "அதெப்புடீங், வேலி இங்கல்ல இருக்குது?" "வேலி எங்க வேணும்னாலும் இருக்கலாமுங்க, கல்லு இங்கதான் இருக்குது. கிழக்கால பத்தடி, வடக்காலயும் பத்தடி. உங்க எடம் ரோட்டுக்குள்ள கெடக்குது." குழந்தைவேலு இடுப்பில் கையை வைத்துக்கொண்டு வேலியையும் கல்லையும் மாறி மாறிப் பார்த்தார். "ஊர்ல வேலி நடந்தா அடுத்தவங் காட்டப் பாத்து நடக்கும். உங்க வேலி ஒண்ணுதானுங் ஊட்டப் பாத்து நடந்திருக்குது." சர்வேயர்கூடச் சிரித்துவிட்டார்.

ஆமாம், நடந்திருக்கிறது. கிளுவை உயிர்வேலி, முழுசாகச் சாகாது, ஆனால் அங்கங்கே ஒரு குச்சி பட்டுப்போகும், மழைக்கு முன்னால் புதுக் குச்சி வெட்டிப் போத்து நட வேண்டும். பட்டுப்போன குச்சியைப் பிடுங்கக் கூடாது, அதன் தூரோடு பக்கத்துக் குச்சியின் வேரும் பின்னியிருக்கும், பிடுங்கினால் இரண்டும் போகும். ஆகவே புதுசை அதற்குப் பக்கத்தில்தான் நட வேண்டும். எந்தப் பக்கத்தில் என்றால் உள்பக்கத்தில். வெளியே தடம், ஊரார் வண்டி போகிற இடம், அதில் ஒரு சாண் நட்டாலும் தடத்தைப் பிடிக்கிறான் என்ற பேச்சு வரும். வேலி உள்ள வரலாம், வெளிய போகக் கூடாது. அப்பா அப்படித்தான் நட்டார், அவருடைய அப்பாவும் அப்படித்தான், இந்தச் சுற்றுவட்டாரத்தில் கொறங்காடு வைத்திருந்த எல்லோரும் அப்படித்தான், நானும். எதிர்ப்பக்கத்துக்காரனும் அவன் வேலியை உள்ளேதான் நடுவான், அதனால் தடம் அகலமாகி எல்லோருக்கும் நல்லது. அது நியாயம்தான். ஆனால் சாண் சாணாக அறுபது எழுபது வருஷம், இரண்டு பக்கமும், பத்தடி. தடம் தார்ரோடு ஆயிற்று, இப்போது பஸ் போகிறது. வேலிக்குள்ளே இருக்கிறது நமது, வெளியே இருக்கிறது ஊருடையது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன், ஒருநாளும் கல்லைத் தேடவில்லை. கல்லைத் தேடுவது சண்டைக்காரர்களின் வேலை. போன ஆடியில்கூட ஒன்பது குச்சி நட்டேன், எல்லாம் உள்பக்கம். அது நாய்கள் வந்துபோன சந்து. அதை நினைக்க வேண்டாம். அரசப்பண்ணன் காட்டு வீடுகளுக்கு வண்டியில் கோழி கொண்டுவந்து அறுத்துக் கொடுப்பவன் குடலையும் இறகையும் எங்கள் வேலி மூலையில் கொட்டிவிட்டுப் போகிறான், அதற்கு நாய்கள் சேர்ந்தன, யாருடைய நாய் என்று கேட்டால் யாருடையதும் இல்லை. சாயங்காலம் மூலையில் கூடி நிற்கும். ஒரு விடியலில் பட்டிக்கு வந்தேன், ஆடுகள் எல்லாம் ஒரு மூலையில் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நிற்கின்றன, சத்தமே இல்லை, எண்ணினேன், பதினேழு. மறுபடி எண்ணினேன். மீதி ஐந்தும் பட்டியின் இந்தப் பக்கம் கிடந்தன. தின்னவில்லை. கழுத்தைக் கடித்துப் போட்டுவிட்டு அடுத்ததற்குப் போயிருக்கின்றன, அது பசி இல்லை, அது என்னவென்று எனக்குத் தெரியவில்லை. நினைக்க வேண்டாம் என்றுதானே சொன்னேன்.

"அக்கா, இங்க வா" என்று தம்பி கூப்பிடுகிறான். வெள்வேல மரத்து நிழலில் நான்கு பேரும் நிற்கிறார்கள். உச்சி சாய்ந்துவிட்டது. போகிறேன், போகும்போதே சொல்லிக்கொண்டு போகிறேன், என்ற பங்கு, என்ற பங்கு. சர்வேயர் கால்குலேட்டரைத் தட்டி, "ரண்டு பக்கமும் சேத்து முப்பத்தோரு சென்ட் கொறையுதுங்க" என்றார். தம்பி என்னைப் பார்க்காமல் சொன்னான், "வேலி போட்டது அக்காதானே. கொறையறது அக்கா பங்குலயே கொறையட்டும்." விளையாட்டாகச் சொல்கிற மாதிரித்தான் சொன்னான். சர்வேயர் சிரிக்காமல் அப்படியே கழித்துக்கொண்டார். மரத்தில் எறும்பு ஏறுகிறது, வரிசை பாதியில் கோணிப் போகிறது, ஏனென்று பார்த்தேன், தினகரன் மரத்தில் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டிருக்கிறான், எறும்பு அதைத் தாண்டாமல் சுற்றிப் போகிறது. வெட்டுகிற மரம். எத்தனை மரத்தில் கோடு இருக்கிறதென்று கண் தானாக எண்ணப் போயிற்று, நிறுத்தினேன். இப்போது. இப்போதுதான். "என்ற பங்கு புல்லாவே கெடக்கட்டும்." வந்துவிட்டது. நானே கேட்டேன், என் குரல்தான், கொஞ்சம் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி, ஆனால் நான்கு சொல்லும் வந்துவிட்டது. தம்பி கோபப்படுவான், குழந்தைவேலு ஏதாவது சொல்லி மடக்குவார், தினகரன் அழாத குறையாகப் பார்ப்பான் என்று நினைத்துத் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். "செரிக்கா" என்றான் தம்பி. தண்ணி வேணுமா என்று கேட்டதற்குச் சரி என்பது மாதிரி. "அதுக்கென்ன. கீக்காடு உனக்குத்தானே."

தினகரன் சொன்னான், "நாங்களே அதைத்தான் சொல்லலாம்னு இருந்தோமுங் அத்தை. கீக்காட்டுல பாறை கெடக்குது, சைட்டுக்கு ஆகாது. அது அப்புடியே பச்சையாக் கெடந்தா வாங்கறவங்களுக்கும் ஜன்னலத் தொறந்தாப் பாக்கறதுக்கு நல்லா இருக்கும்." "வருசத்துல ரண்டு மாசந்தானப்பா பச்சை, மீதி நாளெல்லாம் காஞ்சு சீவக்குச்சி மாதிரியல்ல கெடக்கும்" என்றார் குழந்தைவேலு. "அப்பத்திக்குப் பாத்துக்கலாமுங்" என்றான் தினகரன். எனக்குச் சந்தோஷமாக இருக்க வேண்டும். கேட்டது கிடைத்துவிட்டது. கேட்டால் கிடைத்துவிடுமா, இத்தனை சுலபமா, அப்படியானால் நான் கேட்டது சின்னதாகப் போய்விட்டது என்று அர்த்தமா, பெரியதாகக் கேட்டிருக்க வேண்டுமோ, எல்லாம் கெடக்கட்டும் என்று, பதினொரு ஏக்கரும் கெடக்கட்டும் என்று. என் கையெழுத்து இல்லாமல் எதையும் பிரிக்க முடியாது என்று ருக்மணி போனில் சொன்னாளே. ஆனால் நான் நான்கு சொல்தான் கொண்டுவந்திருந்தேன். "அப்பறமுங் அத்தை" என்றான் தினகரன், "ரோடு ஒண்ணு மட்டும் கீக்காட்டு வழியாப் போகோணும். முப்பதடிதான். ரண்டு வழி இல்லீன்னா அப்ரூவல் ஆகாதுங்க." எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வாய் திறந்தது. மூன்றாம் வகுப்பு, பக்கத்தின் மூலை, எல்லாம் தெரிகிறது. என்னிடம் இரண்டாவது வாக்கியம் இல்லை. ஒன்றைத்தான் இத்தனை நாளாகப் பழக்கியிருந்தேன், அதைச் செலவழித்துவிட்டேன். "அக்காவுக்குச் சம்மதந்தானுங்" என்று தம்பி சொன்னான், சர்வேயர் அதையும் கழித்துக்கொண்டார்.

அவர்கள் போன பிறகு நானும் கழித்தேன். தாளில்லாமல்தான், எனக்கு மனசில்தான் வரும். மூன்றில் ஒரு பங்கு மூன்று ஏக்கர் எண்பது. அதில் வேலி நடந்தது முப்பத்தொன்று. ரோடு நாற்பத்தெட்டு. மீதி மூன்று ஏக்கரும் ஒரு சென்ட்டும். அதில் பாறை ஒரு ஏக்கருக்குக் கொஞ்சம் கூடவே இருக்கும், பாறையில் ஓணான்தான் மேயும். இரண்டு ஏக்கர், அதுவும் நாலைந்து சென்ட் குறைவாக. வேறு மாதிரி கழித்துப் பார்த்தேன், ரோட்டை முதலில், வேலியை அப்புறம். அதேதான். தம்பி போகும்போது மாட்டை அவிழ்த்துக்கொண்டு போனான், ஊட்டுல தவிடு வச்சுப் பாத்துக்கறேன் என்றான். "நாளைக்குக் காத்தாலயே ஜேசிபி நடுக்காட்டுக்கு வந்துரும். பொழுது உளுகறதுக்குள்ள பட்டியப் பிரிச்சு, ஆட்டையெல்லாம் கீழ ஓட்டிரு அக்கா." ஆட்டையெல்லாம். ஏக்கருக்கு ரண்டு என்று அப்பா சொன்னது அவனுக்கும் தெரியும், அவனும் கூடவேதான் நின்று கேட்டான், எனக்கு முன்னால் அவன்தான் அதை மனப்பாடமாகச் சொல்வான். மறந்திருப்பான். மறக்காமலும் இருக்கலாம். ஆடு புல்லைத் தின்றுவிடும், புல் போனால் நான் போவேன், நான் போனால் தினகரன்தான் வாரிசு, யாரும் யாரையும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை, சுற்றிக்கொண்டு போனாலே போதும். இல்லை, தம்பி அப்படி நினைக்கிறவன் இல்லை. ஐந்து ஆடு செத்த அன்றைக்கு அவன்தான் குழி வெட்டினான், வெட்டும்போது அழுதான். எனக்கு அறுபத்தெட்டு ஆகிறது. எப்படியும் நான் இருக்கிறவரைக்கும்தான் இது புல். அப்புறம் ரோடு இருக்கிறது, வழி இருக்கிறது. தெரிந்துதான் சொன்னேன், கெடக்கட்டும் என்று. எத்தனை நாளைக்கு என்று நான் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை.

பொழுது வெள்வேல மரத்துக்குக் கீழே இறங்கிவிட்டது. பட்டிப் படலைப் பிரித்துச் சுருட்டியாயிற்று. ஆள்காட்டி அடங்கிவிட்டது, முட்டை பிழைத்ததா என்று நாளைக்குத்தான் தெரியும். கடவில் குறுக்குக் கழிகளை ஒவ்வொன்றாக உருவினேன். விதை முழுசாக முற்றவில்லை, திறக்கக் கூடாதுதான், ஆனால் இன்று திறக்காவிட்டால் நாளைக்கு நிற்க இடமில்லை. ஆடுகள் கழி உருவும் சத்தத்துக்கே தலையைத் தூக்கின. எப்போதும் வருகிற வரிசையில்தான் வந்தன, அது மாறாது. காது கிழிந்த கிழவி முன்னால். ஒன்று. அவள் மகள், நெற்றியில் வெள்ளை. இரண்டு. மகளுக்குப் பின்னால் சினையாக இருப்பவள், வயிறு கடவில் உரசியது. மூன்று. செவலை. நான்கு. கை தானாகக் கழியைப் போட்டது. நான் போடச் சொல்லவில்லை என்றுதான் நினைக்கிறேன். அடுத்தவளின் மூக்கு என் முழங்காலில் இடித்தது, சூடாக, ஈரமாக. பின்னால் வந்தவை ஒன்றின்மேல் ஒன்று முட்டிக்கொண்டு நின்றன. என்ன ஆயிற்று என்று எல்லாம் என் முகத்தைப் பார்த்தன, ஆடு முகத்தைத்தான் பார்க்கும். இரண்டாவது கழியையும் போட்டேன். மூன்றாவதையும். உள்ளே போன நான்கும் திரும்பிப் பார்க்காமல் புல்லில் தலையை இறக்கிவிட்டன. விதை உதிருகிற சத்தம் கேட்டது, கேட்கிற சத்தம் இல்லை அது, ஆனால் கேட்டது. இந்தப் பக்கம் ஒருத்தி கத்தினாள், அப்புறம் இன்னொருத்தி, அப்புறம் எல்லோரும். மூலையில் நாய்கள் கூடுகிற நேரம். பட்டி இல்லை, படல் சுருட்டிக் கிடக்கிறது, நாளைக்கு இந்த இடமே இல்லை. நான் எந்தப் பக்கம் நிற்கிறேன் என்று பார்த்தேன். தடியை எடுத்துக்கொண்டு கடவுக்கு முதுகைக் கொடுத்து நின்றேன், நின்று, வழக்கம்போல எண்ணினேன். கடவுக்கு வெளியே இருப்பவர்கள்: நான். ஆள் ஒன்று. செம்மறி பதின்மூன்று.